போபோடி மன்றத்துத் துணைத் தலைவி

போபோடித் தமிழ் இளைஞர் மன்றத்தின் தலைவர் பத்மநாபனுக்கு அறுபத்தொரு வயது. செயலாளர் அவருடைய மகன் மனோஜ். அவனுக்கு முப்பத்தெட்டு, முன்மண்டையில் முடி கிடையாது. மன்றத்தில் தினமும் கேரம் ஆடுகிற ஆறு பேரில் இருவருக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். இளைஞர் என்றால் அங்கே என்ன அர்த்தம் என்று ராஜஸ்ரீ யாரிடமும் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர்கள் மேல் அவளுக்கு மதிப்பு இல்லை.

ராஜஸ்ரீக்கு இருபத்து நான்கு வயது. அப்பா சின்னதுரை கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் பெயிண்டர். தாத்தா காலத்தில் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். தமிழ் எழுத்து அவளைப் பொறுத்தவரை காலண்டரில் அச்சடித்த ஒரு கோலம். பதினேழு வயதில் மாவட்டக் கபடி அணியில் ஆடினாள். எதிரணிக் கோட்டுக்குள் போன ஒரு ரெய்டில் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது, அத்தோடு ஆட்டம் போயிற்று. இப்போது கட்கி பஜாரில் ஒரு மருந்துக்கடை கவுன்டரில் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை நிற்கிறாள்.

கபடி சொல்லித் தர வேண்டும் என்று அவள் திட்டம் எதுவும் போடவில்லை. சந்தில் இரண்டு சிறுமிகள் தப்புத் தப்பாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டே போக முடியாமல், "முட்டியப் புடிக்காத, கணுக்காலப் புடி" என்று ஒரு நாள் சொன்னாள். ஆறு மாதத்தில் பதினான்கு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லாருக்கும் அவள் தாயி. மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள்.

மன்றக் கொட்டகைக்குப் பின்னால் சுற்றுச்சுவர் வைத்த மண் தரை ஒன்று இருந்தது. கபடிக் கோடு போட அளவெடுத்த மாதிரி இருக்கும். ஆனால் அதற்குப் போகக் கொட்டகையின் முன்கதவைத் திறந்தாக வேண்டும். அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி. அது பத்மநாபனின் இடுப்பு பெல்ட்டில் தொங்கும். அவர் மதியம் தூங்கி எழுந்து, டீ குடித்து, கோயிலுக்குப் போய், விபூதியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போது மணி ஆறரை ஆகும். பெண்களோ ஏழரைக்கு வீட்டில் இருக்க வேண்டும். ஐந்து மணியிலிருந்து பதினான்கு பேரும் சந்தில் சுவரோரமாக நிற்பார்கள். போகிறவன் வருகிறவனெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுப் போவான். இரண்டு அம்மாக்கள் ராஜஸ்ரீயின் வீட்டுக்கே வந்து சண்டை போட்டார்கள்.

அவள் பத்மநாபனிடம் போய்க் கேட்டாள்.

"அங்கிள், ஒரு டுப்ளிகேட் சாவி போட்டுக் குடுங்க. அஞ்சு மணிக்கு நானே தொறந்துக்கறேன். முடிஞ்சதும் பூட்டிட்டுப் போயிடறேன்."

பத்மநாபன் அவளைக் கனிவாகப் பார்த்தார். கனிவாகப் பார்ப்பது அவருக்கு நன்றாக வரும்.

"சாவி இன்னாமா சாவி! உன்ன மாதிரி பொண்ணுங்கதான் முன்னுக்கு வரணும். உன்ன மகளிர் அணி ஒருங்கிணைப்பாளரா போடறேன், பாரு."

சொன்ன வாரத்திலேயே அட்டை வந்தது. அவள் படம், மன்றத்தின் முத்திரை, பிளாஸ்டிக் உறை, கழுத்தில் மாட்ட நீல நாடா. சின்னதுரை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழிற்சாலை அடையாள அட்டையைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று இருந்ததில்லை. மறுநாளும் பெண்கள் ஆறரை வரை சந்தில்தான் நின்றார்கள். ஒருங்கிணைப்பாளரும் கூடவே நின்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி கேட்டாள். பிள்ளைகள் நனைந்து காய்ச்சலில் விழுகிறார்கள் என்றாள். இந்தத் தடவை இணைச் செயலாளர் ஆக்கினார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு நடக்கும் கூட்டத்தில் அவளுக்கென்று ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள். வாரத்தில் அவளுக்கு விடுமுறை அந்த ஒரு நாள்தான், பெண்களுக்கு நீண்ட பயிற்சி கொடுப்பதும் அன்றைக்குத்தான். கூட்டம் ஒரு மணி வரை போகும். பொங்கல் விழாவில் யார் யாருக்கு மாலை போடுவது என்பதை அவர்கள் மூன்று வாரம் பேசினார்கள். மனோஜ் எழுந்து நின்று, "இளைய தலைமுறையின் குரல் கேட்கப்பட வேண்டும்" என்பான். எல்லாரும் தலையாட்டுவார்கள். ராஜஸ்ரீ வாய் திறந்தால், "தலைவர் மொதல்ல பேசி முடிக்கட்டும்மா" என்பான். பின்னால் மண் தரையில் வைஷு மற்றவர்களைக் கூட்டி வைத்து ஆடுகிற சத்தம் கேட்கும். வைஷுவுக்கு அப்போது பதினான்கு வயது. அவளைப் போல ரெய்டு போகிற பெண்ணை ராஜஸ்ரீ மாவட்ட அணியிலும் பார்த்ததில்லை.

இப்படியே மூன்றாவது வருடம் வந்தது. கூடவே ராம்பிரசாத்தும் வந்தான்.

ராம்பிரசாத் கோயம்புத்தூர்க்காரன். விமான் நகரில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருந்தான், ஐடி வேலை. அவன் கம்பெனி 'நாளைய தலைவர்கள்' என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. எந்த இளைஞர் மன்றம் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பன்னிரண்டு தலைமைப் பொறுப்புகளைக் கொடுக்கிறதோ, அதற்குப் புதுக் கூரையும் டீ-ஷர்ட்டும் கிடைக்கும். பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சென்னைச் சுற்றுலாவும் உண்டு. பத்மநாபன் ஒரே மாலையில் பன்னிரண்டு பொறுப்புகளை உண்டாக்கினார். சுற்றுச்சூழல் தலைவர், டிஜிட்டல் தலைவர், கலாச்சாரத் தலைவர், மகிழ்ச்சித் தலைவர் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனார். மன்றத்தில் இருபத்தைந்துக்குக் கீழே இருந்தவர்கள் மொத்தம் பத்தொன்பது பேர்தான். பன்னிரண்டு பேர் தலைவர்கள் ஆகிவிட்டால், தலைமை தாங்கப்படுவதற்கு மிச்சம் ஏழு பேர்.

சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி வகுப்பு நடந்தது. ராம்பிரசாத் எல்லாருக்கும் மஞ்சள் துண்டுக் காகிதம் கொடுத்தான்.

"உங்க தலைமைப் பண்பு எந்த மிருகம் மாதிரின்னு யோசிச்சு எழுதுங்க பாக்கலாம். சரி தப்புன்னு ஒண்ணும் இல்லீங்க."

பதினாறு பேர் சிங்கம் என்று எழுதினார்கள். இரண்டு பேர் கழுகு. ராஜஸ்ரீ கழுதை என்று ஆங்கில எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ராம்பிரசாத் அதைப் படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"சூப்பருங்க! சுமக்கிற தலைமை! பாருங்க, என்னவொரு பணிவு!"

அவள் திட்டினாள் என்பதுகூட அவனுக்குப் புரியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். இவனோ வாரம் முழுக்க உழைத்துவிட்டு, சனிக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு, இவ்வளவு தூரம் வந்து இதைச் செய்துகொண்டிருந்தான். அதுதான் அவளுக்கு இன்னும் கேவலமாகப் பட்டது.

வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியாகப் பிடித்தாள்.

"சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடுங்க. இந்தக் கதவு சாவி."

"புரியுதுங்க. ஆனா நீங்க கொஞ்சம் பெருசா யோசிக்கணும். சாவிங்கறது ஒரு அடையாளம்தானுங்களே. உண்மையான அதிகாரம் உங்க மனசுக்குள்ள இருக்குது."

"அடையாளம் இல்ல சார், இரும்பு. அஞ்சு மணிக்கு மனசத் தொறந்தா கதவு தொறக்காது."

அவன் சிரித்துக்கொண்டே அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். எந்தக் கூட்டத்தில் சொல்வதற்கோ.

அந்தப் பன்னிரண்டு பொறுப்புகளில் பெரியது துணைத் தலைவர். அதை ராஜஸ்ரீக்கு என்று பத்மநாபன் அறிவித்தார். பதவியேற்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சாங்வியில் பெண்களின் முதல் போட்டி. பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவு, இரண்டு வருடம் காத்திருந்து பெயர் பதிந்தது.

"அங்கிள், அன்னிக்கு மேட்ச் இருக்கு. விழாவ சாயங்காலம் வெச்சுக்கலாமா?"

"சீஃப் கெஸ்ட் காலையிலதான் வராரு. அதும் இல்லாம, வாசல்ல வரவேற்பு குடுக்கப் பொண்ணுங்க வேணும்ல? பன்னீர் தெளிக்க, பூ தட்டு புடிக்க. உன் பொண்ணுங்களுக்கு பட்டுப் பாவாட கட்டி கூட்டினு வந்துடு."

"மேட்ச் போயிடும் அங்கிள்."

பத்மநாபன் குரலைத் தாழ்த்தினார். "இன்னா ராஜி, சின்னப் புள்ள மாதிரி! விழா முடியட்டும். அப்புறம் நீ துணைத் தலைவி. துணைத் தலைவி கேட்டா இந்த மன்றத்துல யாரு இல்லன்னு சொல்லப் போறா?"

மூன்று வருடம் அவரைப் பார்த்தவள், அந்தக் கனிவை அறிந்தவள், அதை நம்பினாள். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பே கூசும். அன்றைக்கு அது சரியான கணக்காகத்தான் தெரிந்தது. ஒரு மேட்ச் போனால் போகட்டும், சாவி கிடைத்தால் வருடம் முழுக்க ஆடலாம்.

பெண்களிடம் விஷயத்தைச் சொன்னாள். வைஷு மட்டும் கேட்டாள்.

"அப்போ மேட்ச், தாயி?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வைஷு காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சுருட்டி வைத்தாள்.

விழா நாளன்று பதினான்கு பேரும் கொட்டகை வாசலில் இரண்டு வரிசையாகத் தட்டோடு நின்றார்கள். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். தட்டிலிருந்த ரோஜா இதழ்கள் வெயிலில் கறுத்துவிட்டன. இறங்கியவர் யார் முகத்தையும் பார்க்காமல், போன் பேசிக்கொண்டே பன்னீருக்கு நடுவில் நடந்து உள்ளே போனார். மேடையில் பத்மநாபன் நாற்பது நிமிடம் பேசினார். நாட்டின் எதிர்காலம் இளைஞர்கள் கையில் இருக்கிறது என்று ஏழு தடவை சொன்னார். ராஜஸ்ரீ எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் தோளில் பச்சைப் பட்டை ஒன்றைப் போட்டு, கையில் உறுதிமொழிக் காகிதத்தைக் கொடுத்தார்கள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் மனோஜ் அதைத் தேவநாகரி எழுத்தில் எழுதியிருந்தான். வழுவாது, தன்னலமற்று, அறப்பணி என்று என்னென்னவோ வந்தன. பாதிக்கு அர்த்தம் தெரியாமல் உரக்கப் படித்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த போன் அதிர்ந்தது. சாங்வியிலிருந்து செய்தி: போபோடி அணி வராததால் எதிர் அணிக்கு வெற்றி. கீழே முதல் வரிசையில் சின்னதுரை சலவைச் சட்டையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் கலைந்து மசால் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது, அவள் பத்மநாபன் முன்னால் போய் நின்றாள்.

"அங்கிள், சாவி."

"எந்தச் சாவி?"

"கதவு சாவி. விழா முடியட்டும்னு சொன்னீங்க."

பத்மநாபன் பக்கத்தில் நின்ற விருந்தினரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா சார், எவ்ளோ எளிமையான பொண்ணு! துணைத் தலைவியே போய்க் கதவ தொறப்பேன்றா." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இனிமே நீ அந்த வேலையெல்லாம் பாக்கக் கூடாதும்மா. பதவிக்குன்னு ஒரு மரியாத இருக்கு."

"அப்போ யாரு தொறப்பா?"

"நான் எதுக்குமா இருக்கேன்?" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

அவள் பட்டையைக் கழற்றி, தட்டுகளை அடுக்கி வைத்திருந்த மேசை மேல் போட்டாள். கத்தவில்லை. கத்துவதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டும். அங்கே அப்படி யாரும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

சின்னதுரைக்குத்தான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நாலு பேரு முன்னாடி இப்டி பண்ணலாமா? அவரு பெரிய மனுசன்" என்றார்.

"எந்தப் பக்கத்துல பெருசு, சொல்லுப்பா" என்றாள். அவர் சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். பின்பக்கத்தில் மண் தரை, இரண்டு வேப்பமரம். தலைமை ஆசிரியை மராத்திக்காரம்மா. ராஜஸ்ரீ நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். எத்தனை பெண்கள், எத்தனை மணி வரை, அடிபட்டால் யார் பொறுப்பு என்று மூன்று கேள்வி கேட்டார். ஒரு கடிதம் எழுதச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். "போகும்போது பெருக்கிவிட்டுப் போ" என்றார் மராத்தியில். நீ யார், என்ன பதவி என்று கேட்கவே இல்லை. மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்று வருடம் ஒரு கிழவனின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தாள். இந்தப் பள்ளிக்கூடம் அப்போதும் இங்கேயேதான் இருந்தது. சாவிக்காக நின்றதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த அட்டையும் நாற்காலியும் ஒவ்வொரு தடவையும் அவளைக் கொஞ்சம் பிடித்து வைத்தன என்பது அவளுக்குத் தெரியும். பத்மநாபன் மேல் இருந்த இளக்காரத்தில் ஒரு பங்கை அன்று தனக்கும் எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத் தரைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து பேர் மன்றத்திலேயே நின்றுவிட்டார்கள். டீ-ஷர்ட் இருந்தது, சென்னைப் பயணம் இருந்தது. அந்த ஐவரில் வைஷுவும் ஒருத்தி. பத்து நாளில் அவளைத் துணைத் தலைவி ஆக்கினார்கள். மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது: அதே பச்சைப் பட்டை, அந்தச் சின்னத் தோளில் நிற்காமல் முழங்கை வரை வழிந்து கிடந்தது.

அடுத்த வாரம் வைஷு தன் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தாள். ராஜஸ்ரீ சீட்டை வாங்கிக்கொண்டு முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வாங்க துணைத் தலைவி. தட்டு எப்டி இருக்கு? கனமா இருக்கா?"

வைஷு கவுன்டரின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"தட்டு புடிக்க வெச்சது அவங்க இல்ல தாயி. நீங்க."

மாத்திரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்து நின்ற ஆள் இருமல் மருந்து கேட்டார். ராஜஸ்ரீ வயிற்றுவலி மருந்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் பயிற்சிக்கு முன்னால் ஒன்பது பேரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். "சாங்வி மேட்ச் நான் பண்ண தப்பு. உங்களக் கேக்காம முடிவு பண்ணிட்டேன்" என்றாள். பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி, "சரி தாயி, ஆடலாமா?" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கே வைஷுவின் வீட்டுக்கும் போய் இதையே சொன்னாள். வைஷு கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஒன்பது பேரும் சாங்வியில் ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள், இரண்டாவதில் மூன்று புள்ளியில் தோற்றார்கள். திரும்பி வரும் வழியில் வடாபாவ் கடையில் நிற்கும்போது மன்றத்துக் குழுவில் பத்மநாபனின் செய்தி வந்தது. 'நமது மன்றம் உருவாக்கிய வீராங்கனைகள் சாங்வியில் சாதனை' என்று போட்டு, கீழே தன் படத்தைப் போட்டிருந்தார். ஆடியவர்கள் படம் ஒன்றுகூட இல்லை. பதினொரு தலைவர்கள் கைதட்டும் படம் அனுப்பியிருந்தார்கள். ராஜஸ்ரீ அதைப் பெண்களுக்குப் படித்துக் காட்டச் சொன்னாள், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருத்தியிடம். அவர்கள் பாவ் ரொட்டி தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

வைஷு வியாழக்கிழமைகளில் மட்டும் வர ஆரம்பித்தாள். மற்ற நாட்களில் மன்றத்தில் கூட்டம். ராஜஸ்ரீ அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. எல்லாரையும் போல அவளையும் தரையைச் சுற்றி எட்டு தடவை ஓடவிடுகிறாள்.

போன மாதம் அடுத்த போட்டிக்குப் படிவம் வந்தது. அணித் தலைவியின் பெயர் எழுத வேண்டும். ராஜஸ்ரீ பேனாவைப் பெண்களிடம் கொடுத்து, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுச் சுற்றுச்சுவர் மேல் போய் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் சண்டை. ஒருத்தி அழுதாள், ஒருத்தி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டுத் திரும்பி வந்தாள். நடுவில் எழுந்து போகாமல் இருக்க ராஜஸ்ரீ சுவரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அகல்யா என்று சொன்னார்கள். பதிமூன்று வயது, குண்டு, ரெய்டு போனால் மூச்சு வாங்கும். யார் வரவில்லை என்றாலும் வீட்டுக்கே போய் இழுத்து வருகிறவள். ஆட்டத்தில் அவளைவிட நன்றாக ஆடுகிறவர்கள் நான்கு பேர் இருந்தார்கள்.

"நல்லா யோசிச்சீங்களா?" என்றாள் ராஜஸ்ரீ.

"ஆமா தாயி."

அது தப்பான முடிவு என்று அவளுக்குப் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. பேனாவை வாங்கி, அகல்யாவின் பெயரை எழுதினாள்.